கொம்பன் வளைவுக்கு அறுநூறு தப்படி

கூகைமலையில் பாதை நீளத் தொடங்கியது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி சுமாருக்கு. அதை முதலில் கண்டுபிடித்தவன் நான். இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. எங்கள் ஈச்சங்காட்டில் தப்படியை எண்ணிக்கொண்டு நடக்கிற வேலையற்ற வேலை எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் தபால்காரன். பெயர் வீரபத்திரன், ஊரில் எல்லோருக்கும் போஸ்ட்டண்ணன். பத்தொன்பது வருஷமாக அடிவாரத்துத் தபால் நிலையத்துக்கும் மலைமேல் இருக்கும் எங்கள் முப்பத்தேழு வீடுகளுக்கும் இடையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன், நடக்கும்போது வாய்க்குள்ளேயே எண்ணுகிறேன், அடிவாரத்தில் பாதை தொடங்கும் இடத்திலிருந்து எங்கள் ஊர் முகப்பில் நிற்கும் ஒற்றை ஈச்சமரம்வரை நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தப்படி, மழையானாலும் வெயிலானாலும் அவ்வளவுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இறங்கும்போதும் அவ்வளவுதான் இருந்தது. சாயங்காலம் ஏறும்போது நாலாயிரத்து நூற்று இருபத்துநாலு.

பன்னிரண்டு தப்படி கூடியிருந்தது. எனக்கு வயதாகிக் கால் குட்டையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை இன்னும் பத்தொன்பது கூடியது. ஒரே வாரத்தில் எந்த மனிதனுக்கும் கால் அவ்வளவு குட்டையாகாது என்பதால், ஈச்சமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரும் வாயைப் பிளக்கவில்லை. விறகுக்குப் போய்வரும் பெண்கள், தங்களுக்கும் கெண்டைக்கால் அப்படித்தான் சொல்லியது என்றார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க மந்திரவாதி யாரும் தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேர் மலை ஏறினார்கள். சனிக்கிழமை பத்தொன்பது பேர். இரண்டு கூட்டத்தையும் அழைத்துப்போனவன் எங்கள் மாதேயன், கூகைமலைக்கு அரசாங்கம் வைத்த முதல் வழிகாட்டி, பச்சைத் தொப்பியும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக. அவன் கொம்பன் வளைவில் நின்று அவர்களிடம் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தான், கேட்ட காதுக்காரன் ஒருவனுக்கு ஒரு தப்படி வீதம் பாதை நீண்டிருந்தது.

அந்தப் பொய்யைச் சொல்வதற்கு முன்னால் மெய்யைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் பொய்க்குப் பலகை இருக்கிறது, மெய்க்கு என் போன்றவனின் வாய்தான் இருக்கிறது.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் கும்பினிக்காரனுக்கு வரி கட்டமாட்டேன் என்று கீழ்நாட்டில் கலகம் செய்த தளபதி சிங்கராயரும் அவருடைய ஆட்கள் முப்பது பேரும் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மறைப்பாறைக் குகையில் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்குச் சாமைச் சோறும் தேனும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நாங்கள், அதாவது எங்களைப் பெற்றவர்களைப் பெற்றவர்களைப் பெற்றவர்கள். கும்பினிப் படை அடிவாரத்துக்கு வந்து வழிகாட்ட ஆள் வேண்டும் என்றபோது, யாரும் கூப்பிடாமல் தானே போய் முன்னால் நின்றவன் எங்கள் கொம்பன். அவன் வழிகாட்டினான், இல்லையென்று யார் சொன்னது. மூன்று நாள் காட்டினான். ஒரே வளைவை மூன்று பக்கத்திலிருந்து காட்டினான், ஒரே ஓடையை ஏழு இடத்தில் தாண்டவைத்தான், இன்னும் கொஞ்ச தூரம்தான் துரை, அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்தான் துரை என்று சொல்லிச் சொல்லி, பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்த அத்தனை பேரையும் அடிவாரத்திலிருந்து கூப்பிடு தூரத்திலேயே சுற்றவிட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் துரை தன் குதிரை காலையில் போட்ட சாணத்தைத் தானே மிதித்தான், அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அதற்குள் சிங்கராயர் மேற்குச் சரிவு வழியாக இறங்கிப் போயிருந்தார்.

கொம்பனை அந்த வளைவிலேயே பாறையோடு சேர்த்துக் கட்டினார்கள். சித்திரை மாதம். தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு, சுற்றிலும் துப்பாக்கி. கிட்டே போக முடியாத எங்கள் பெண்கள் மேலே பாறை விளிம்பில் நின்று, இலையோடு கிளைகளை ஒடித்து ஒடித்து அவன்மேல் எறிந்தார்கள், கொஞ்சமாவது நிழல் விழட்டும் என்று. சிப்பாய்கள் எடுத்துப்போட எடுத்துப்போட இவர்கள் எறிந்தார்கள். மூன்று நாள் அவன் உயிரோடு இருந்தான். அன்றிலிருந்து அந்த வளைவைத் தாண்டுகிற எங்கள் ஆள் எவனும், கையில் சுமை இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு, ஒரு கொத்துத் தழையை ஒடித்து அங்கே போட்டு, வெயில் படாமல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் நடப்பான். காய்ந்த தழைமேல் புதுத் தழை விழுந்து விழுந்து அது ஒரு மேடாகவே ஆகிவிட்டது.

இனிப் பொய். மறைப்பாறைக்கு மக்களை நடத்திக் கூட்டிப்போய்ச் சரித்திரம் காட்டப்போகிறோம் என்று ‘மரபு நடை வாரியம்’ என்ற ஒன்று வந்தது. வந்தது என்றால் அடிவாரம்வரை வந்தது. அங்கே ஒரு நீலப் பலகையை நட்டது. பலகைக்கு வாசகம் எழுதிய அறிஞர் மலையை ஜீப்பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாராம். கும்பினியின் பழைய கடிதம் ஒன்றில், ‘மலைவாசி ஒருவன் வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டான்’ என்று ஒரு வரி அவருக்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வரி போதும், ஒரு துரோகி தயார். சிங்கராயர் பிடிபட்டது எட்டு மாதம் கழித்து, எங்கோ கடலோரத்தில். அந்த எட்டு மாதத்துக்கும் கடலுக்கும் பலகையில் இடம் போதவில்லைபோல.

மாதேயனுக்கு ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள், கொம்பன் வளைவில் நின்று ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும் என்று: “இந்த இடத்தில்தான் கொம்பன் என்ற மலைவாசி, கூலிக்காகக் கும்பினிப் படைக்கு வழிகாட்டி, மாவீரர் சிங்கராயரைக் காட்டிக்கொடுத்தான். அந்தத் துரோகியை வெறுத்து மக்கள் இன்றும் இவ்விடத்தில் தழையை வீசிச் செல்கின்றனர்.”

நிழலுக்குப் போட்ட தழையை இவர்கள் காறித் துப்பியதாக எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் பலகையைத் தாண்டும்போது கை பரபரக்கிறது, அரசாங்கப் பையைத் தோளில் போட்டிருப்பதால் சும்மா போகிறேன். மாதேயனோ கொம்பன் வீட்டுக்காரன். நேர் வம்சம்.

அந்த இரண்டு கூட்டத்துக்குப் பிறகு அவன் திட்ட அலுவலர் திருஞானத்திடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். நானும் கூடப் போயிருந்தேன். திருஞானம் கெட்ட மனிதர் இல்லை, தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல்.

“தம்பி, உங்க உணர்வு எனக்குப் புரியுது. ஆனா உங்ககிட்ட ஆவணம் இருக்கா?”

“தழை இருக்குதுங்க சார். நேத்துப் போட்டதுகூட இருக்குது, வந்து பாருங்க.”

“தழையெல்லாம் ஆவணம் ஆகாதுப்பா. வாசகத்தைக் கமிட்டி பாஸ் பண்ணிடுச்சு. சொல்ல இஷ்டமில்லன்னா அட்டையைக் குடுத்துடுங்க. ஆனா ஒண்ணு, உங்க ஊருக்கு கடுக்காயும் தேனும் எடுக்கக் குடுத்திருக்கிற அனுமதி, நீங்க திட்டத்துக்கு ஒத்துழைக்கிறதால குடுத்தது. அதையும் யோசிச்சுக்குங்க.”

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஈச்சமரத்தடியில் கூடி மாதேயனைப் பொய் சொல்லச் சொன்னவர்கள் நாங்கள்தான். பாதை நீண்டால் கால் வலிக்கும், அனுமதி போனால் அடுப்பு எரியாது, கால் வலியைத் தாங்கிக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். கொம்பனுக்கு மூக்குமேல் கோபம் வராது, நம் ஆள்தானே, புரிந்துகொள்வான் என்றோம். மலையில் பிறந்தவனுக்கு நடப்பதைப் பற்றி ஒரு திமிர் உண்டு. எவ்வளவு தூரமானால் என்ன, நாம் நடந்துவிடுவோம் என்று நினைப்போம். அந்தத் திமிரில் செய்த தப்பு அது.

மாதேயன் மறுபடியும் சொன்னான். சொல்லிவிட்டு, கூட்டம் முன்னால் போனபிறகு, தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கொத்துத் தழையை ஒடித்துப் போட்டான். பாதை நீண்டது.

நீண்டது எப்படி என்றால், அடிவாரத்துப் பலகைக்கும் கொம்பன் வளைவுக்கும் நடுவில் இருந்த அறுநூறு தப்படித் துண்டு மட்டும் இழுபட்டது. வளைவிலிருந்து எங்கள் ஊர்வரை இருந்த மூவாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு அப்படியே இருந்தது. புதிதாக வந்த பாதையில் புதிதாக ஒன்றும் இல்லை, பழையதே திரும்பத் திரும்ப வந்தது. ஒரு நெல்லிமரம் இரண்டு மரமாயிற்று, வருஷக் கடைசியில் ஏழு மரமாயிற்று. எங்கள் ஊர்ப் பெண்கள் சந்தோஷமாகக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் மரத்தில் பறித்துவிட்டு இரண்டாவது மரத்துக்குப் போனால் அதே கிளையில் அதே காய் பறிபட்டிருந்தது, ஏழாவது மரத்திலும் அப்படித்தான். யாரோ ஒரு ‘ரமேஷ்’ ஒரு ‘கவிதா’வின் பெயரோடு தன் பெயரைச் சுண்ணாம்பால் எழுதிவைத்த பாறை, ஏறுகிறவன் கண்ணில் பதினொரு தடவை பட்டது. தூரம் கூடியது, நிலம் கூடவில்லை. பணக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி நீளுமே, அதுபோல இலை நீண்டதே தவிரச் சோறு வரவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோழி கூவுமுன் கிளம்பினார்கள், மூன்றாவது நெல்லிமரத்தடியில் பல் துலக்கினார்கள், ஐந்தாவதில் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். அடிவாரத்துப் பால் வண்டியைப் பிடிக்க முடியாமல் நாங்கள் மாடுகளை விற்றோம். கீழேயிருந்து எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் வழியிலேயே இருட்டிவிடுகிறது என்று திரும்பிப் போனார்கள். ராமாயி என்பவள் நாலாவது சுண்ணாம்புப் பாறை அருகில் டீக்கடை போட்டாள், ஆனால் கடை பதினொரு பாறை அருகிலும் தெரிந்தது, எதில் போய் டீ கேட்டாலும் அவள் ஒருத்திதான் ஆற்றிக் கொடுத்தாள், ஒரே நேரத்தில் பதினொரு பேருக்குப் பதில் சொல்லி மூன்றாம் நாள் தொண்டை கட்டிக் கடையை மூடினாள்.

கலெக்டர் ஆபீசுக்கு மனு போட்டோம். சர்வேயர் சங்கிலியோடு வந்தார். காலை எட்டு மணிக்கு அளக்க ஆரம்பித்தவர் வளைவுக்கு வந்துசேரும்போது மணி ஒன்று, சட்டை பிழியலாம்போல நனைந்திருந்தது, நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அறுநூறு தப்படிக்கு உண்டான அளவு மட்டும்தான் இருந்தது. அவருடைய செல்போன் வரைபடத்தில் அவர் ஐந்து மணி நேரமாக ஒரே புள்ளியில் நின்றுகொண்டிருந்தார். ‘ஆவணப்படி தூரம் கூடவில்லை’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஏழு நெல்லிமரத்தையும் திரும்பப் பார்த்துக்கொண்டே இறங்கினார். அந்தக் காகிதத்தை வைத்து, மூன்று கிலோமீட்டருக்குள் ரோடு இருக்கும் ஊருக்குத் துணைச் சுகாதார நிலையம் தேவையில்லை என்று இன்னோர் ஆபீஸ் எழுதியது. இரண்டு கடிதங்களையும் சுமந்து ஏறியவன் நான். ஏறும்போது எண்ணினேன், ஒன்பதாயிரத்து எழுநூறு. தூரம் கூடவில்லை என்ற செய்தி ஒன்பதாயிரத்து எழுநூறு தப்படி நடந்து எங்கள் ஊருக்கு வந்தது.

மாதேயன் தன்னால் முடிந்ததைச் செய்துபார்த்தான். வாசகத்தை முணுமுணுத்தான். பாதிப் பேருக்குக் கேட்காமல் பாதித் தூரம் மிச்சமாயிற்று. ஒரு தடவை பிரெஞ்சுக்காரர்கள் இருபது பேர் வந்தார்கள், அவன் கணீரென்று சொன்னான், அவர்கள் தலையாட்டிக் கைதட்டினார்கள், விளங்காத பொய்க்குப் பாதை அசையவேயில்லை. அன்றைக்கு அவன் சிரித்த முகத்தோடு ஊருக்கு வந்தான். ஆனால் குரல் கேட்கவில்லை என்று சுற்றுலாப் பயணிகள் யாரோ புகார் எழுத, வாரியம் அவன் இடுப்பில் ஒரு குட்டி ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டது. இரண்டு வருஷத்தில் பதினோராயிரம் பேர் கேட்டார்கள். எங்கள் ஊர் பதினோராயிரம் தப்படி தள்ளிப்போயிற்று, அதுவும் எங்கள் சொந்த வாயாலேயே.

அந்தச் சமயத்தில்தான் மாதேயனின் பெண்சாதி சித்தம்மாவுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நோவு கண்டால் உடனே கொண்டுவந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று அடிவாரத்துக்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அவளைக் கீழே ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவதென்று ஏற்பாடு.

அதற்குள் மறைப்பாறைக் குகை வாசலில் சிங்கராயருக்குச் சிலை வைக்கும் விழா வந்துவிட்டது. விருந்தினர்கள், சால்வைகள், பத்துப் பேர் சுமந்துவரும் சிலை, எல்லாவற்றுக்கும் முன்னால் நேரலை எடுக்க ஒரு கேமராக்காரப் பையன். திருஞானம் முதல்நாளே மாதேயனைக் கீழே வரச்சொல்லிவிட்டார். அவன் போன மறுநாள் காலை பத்து மணி சுமாருக்குச் சித்தம்மாவுக்கு நோவு கண்டது.

மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, நாலு பேர் தூக்கினோம். முன்பக்கம் வலது தோள் என்னுடையது. எப்போதும்போல எண்ண ஆரம்பித்தேன், எண்ண எண்ணப் பயம் வந்தது, நிறுத்த முடியவில்லை. மூவாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டில் கொம்பன் வளைவுக்கு வந்தோம். தூளியை இறக்காமலே ஆளுக்கொரு கொத்துத் தழையை ஒடித்துப் போட்டோம். இனிப் பதினோராயிரத்து அறுநூறு. எப்படி ஓடினாலும் மூன்று மணி நேரத்துக்குமேல். சித்தம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், போர்வை நனைந்துபோயிருந்தது.

வளைவில் வழி அடைபட்டிருந்தது. ஐந்து மணி நேரம் ஏறி வந்த விழாக் கூட்டம் அப்போதுதான் அங்கே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தழைமேட்டைச் சுற்றி வேர்வையும் சால்வையுமாக நின்றது. சிலையைப் பாதையின் குறுக்கே இறக்கி வைத்திருந்தார்கள். கேமராக்காரன் எதிரே மாதேயன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். எங்களைப் பார்த்தான். தூளியைப் பார்த்தான்.

“வழி விடுங்க சார், பிரசவக் கேஸு” என்றேன்.

திருஞானம் பதறித்தான் போனார். ஆனாலும் பதற்றத்திலும் அவருக்கு விழாதான் தெரிந்தது. “ரெண்டே நிமிஷம்பா. இந்தப் பாயிண்ட் மட்டும் முடிஞ்சிரட்டும், லைவ் போய்ட்டு இருக்கு. கேமராவுல படாம அந்தப் பக்கமா நில்லுங்க. மாதேயன், சீக்கிரம் சொல்லுங்க.”

“எத்தனை பேர் பாக்குறாங்க?” என்று ஒரு விருந்தினர் கேட்டார்.

கேமராக்காரன் பெருமையாகச் சொன்னான். “நாப்பத்தோராயிரம் சார். ஏறிட்டே இருக்கு.”

நாலு பேர் தோளிலும் மூங்கில் ஒரே நேரத்தில் அசைந்தது. கணக்குத் தெரியாதவன் எங்களில் யாரும் இல்லை. நாற்பத்தோராயிரம் காது. மாதேயன் அந்த மூன்று வரியைச் சொல்லி முடிக்கும்போது, அவன் பெண்சாதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஐம்பத்தீராயிரம் தப்படி இருக்கும், எழுபது நெல்லிமரம் இருக்கும், ஒரு பகலும் ஓர் இரவும் இருக்கும். சொல்லாவிட்டால் ஊருக்கு அனுமதி போகும். இதைத்தான் ஈச்சமரத்தடியில் உட்கார்ந்து கால் வலி என்று பேசி முடித்திருந்தோம்.

தூளிக்குள்ளிருந்து சித்தம்மாதான், அவன் பெயரைக் கேட்டாளோ என்னவோ, அடங்கிய தொண்டையில் கேட்டாள்.

“மாமா… இன்னும் எவ்வளவு தூரம் இருக்குது?”

அவ்வளவுதான் கேட்டாள். மாதேயன் அட்டையைக் கீழே போட்டான். இடுப்பு ஒலிபெருக்கியின் திருகை முழுசாகத் திருப்பினான், அது ஒருமுறை வீறிட்டது.

“எங்க கொம்பன் கும்பினிக்காரனுக்கு வழிகாட்டினது நெசந்தாங்க” என்றான், தூளியைப் பார்த்துக்கொண்டே. “மூணு நாள் காட்டினாரு. மூணு நாளும் தப்பு வழி. இதோ இந்த வளைவையே சுத்திச் சுத்திக் காட்டினாரு. சிங்கராயரு தப்பிச்சுப் போனாரு. எங்க ஆளை இந்தப் பாறையில கட்டி, தண்ணி குடுக்காம வெயில்ல கொன்னாங்க. நாங்க தழை போடுறது துப்புறதுக்கு இல்லீங்க, நெழலுக்கு. ரெண்டு வருசமா நான் சொன்னது பொய்யி. கூலிக்குச் சொன்னவன் கொம்பன் இல்ல, நான். இத்தனை நாளு இங்க வந்து கேட்டவங்க, இப்ப கேக்குறவங்க, எல்லாரும் இதைக் கேட்டுக்குங்க.”

திருஞானம் ஒலிபெருக்கியைப் பிடுங்கப் போனார். அதற்குள் கீழே ஒரு ஜீப்பின் ஹாரன் கேட்டது.

ஏதோ ஒரு டிரைவர் சலித்துப்போய் அடித்த ஹாரன். அது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பிறகு டிரைவர்கள் பேசுவது கேட்டது, ஒருவன் பீடிக்கு நெருப்புக் கேட்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதை ஒரே நெல்லிமரத்தையும் ஒரே சுண்ணாம்புப் பாறையையும் தாண்டி நேராக அடிவாரத்துக்கு இறங்கியது. அங்கே நீலப் பலகை நின்றது. பலகைக்குப் பக்கத்தில், விருந்தினர்களுக்கு நெஞ்சு வலி ஏதாவது வந்தால் என்று முன்யோசனையாக நிறுத்திவைத்திருந்த ஆம்புலன்ஸ் நின்றது.

ஐந்து மணி நேரம் ஏறியவர்கள் தங்கள் ஜீப்புகளைப் பார்த்தார்கள், தங்கள் முழங்கால்களைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. சிலையைத் தாண்டிக் குதித்தோம். மாதேயன் ஒரு விருந்தினரைத் தோளால் தள்ளிவிட்டு முன்மூங்கிலைப் பிடித்தான். நான் எண்ணினேன். அறுநூறு. ஒரு தப்படி கூடவில்லை, குறையவில்லை. எங்களுக்குச் சேரவேண்டியதை மலை அளந்து கொடுத்திருந்தது.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, மாதேயன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பெண் குழந்தை. கொம்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தாத்தன் பெயரை மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டு தொண்டை கிழிய அழுகிறாள்.

விழாக்காரர்கள் அதற்குமேல் ஏறவில்லை. வளைவுக்கு மேலே பாதை எப்போதும் நீண்டதேயில்லை, ஆனால் அவர்களுக்குப் பாதைமேல் நம்பிக்கை போய்விட்டது. சிலையையும் தூக்க ஆளில்லாமல் அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். சிங்கராயர் இப்போது கொம்பனுக்குப் பக்கத்தில் நிற்கிறார். எங்கள் ஆட்கள் அவர் காலடியிலும் ஒரு கொத்துத் தழை போடுகிறார்கள், அவருக்கும் வெயில்தானே.

பலகை அப்படியேதான் இருக்கிறது. கடுக்காய் அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். நாற்பத்தோராயிரம் பேர் கேட்டதைக் கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லையாம். சுகாதார நிலையத்துக்கு மறுபடி மனு போட்டிருக்கிறோம், அது எந்த மேஜையில் தூங்குகிறதோ. இதையெல்லாம் நான் ஆறிப்போன மனதோடு சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இருபது நாள் கழித்து மாதேயனுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது, வாரியத்தின் முத்திரையோடு. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தப்படி சுமந்துபோய்க் கொடுத்தேன். அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் கையெழுத்துப் போட்டான். “நீயே படிண்ணா” என்றான். ஈச்சமரத்தடியில் ஊரே கூடியிருந்தது, உரக்கப் படித்தேன்.

“வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட தாங்கள், மாண்புமிகு விருந்தினர்கள் அனைவரையும், அடிவாரத்திலிருந்து அறுநூறு தப்படி தொலைவிலேயே, ஐந்து மணி நேரம், வேண்டுமென்றே தவறான வழியில் சுற்றவிட்டு, மறைப்பாறையைச் சென்றடையவிடாமல் செய்துள்ளீர்கள் என்பது விசாரணையில் ஐயமற நிரூபணமாகியுள்ளது. பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.”

மாதேயன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன். அவன் கண் நிறைந்துபோயிருந்தது.

“கண்டுபுடிச்சுட்டாங்கண்ணா” என்றான். “இருநூறு வருசம் கழிச்சு, ஆவணத்தோட.”

பிறகு, விளக்கம் எழுத என்னிடம் பேனாவைக் கேட்டான். அரசாங்கத்துக்கு எங்கள் ஊர் எழுதிய கடிதங்களிலேயே சின்னக் கடிதம் அதுதான். மறுநாள் அதை நானே சுமந்துகொண்டு இறங்கினேன், கொம்பன் வளைவில் பையை இறக்கிவைத்துத் தழை போட்டேன், அடிவாரத்தில் முத்திரை குத்தி அனுப்பினேன்.

“ஐயா, தாங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. பெயரை மட்டும் கொம்பன் என்று மாற்றி, இதையே பலகையில் எழுதிவைக்கவும்.”